முட்டை மிதந்தால் பூமி இழுக்கவில்லையா?

இந்த ஆண்டு விஞ்ஞானப் பாடம் எடுக்க வந்திருக்கிற உங்கள் நான்கு பேரையும் காலையில் வராந்தாவில் பார்த்தேன். சட்டைப் பையில் பேனா, கையில் புதுப் புத்தகம், முகத்தில் எல்லாம் தெரியும் என்கிற களை. எனக்கும் அந்தக் களை இருந்தது. அது ஒரே நாளில் எப்படி இறங்கியது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பாடத்திட்டம், பரீட்சைத் தாள், நோட்டுத் திருத்துவது எல்லாம் நீங்களாகவே கற்றுக்கொள்வீர்கள், அதற்கு நான் வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. நான் மதுரை டவுனில் பிறந்து வளர்ந்து, காலேஜில் பௌதிகம் படித்தவன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதை, ஊரில் இறங்கிய முதல் வாரமே எல்லோருக்கும் தெரியப்படுத்திவிட்டேன். பள்ளிக்கூடத்தை ஊர்க்காரர்கள் ஐந்து பேர் அடங்கிய ஒரு கமிட்டி நடத்தியது. மேல்வகுப்பில் சயன்ஸ் பாடம் ஆரம்பித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வகுப்பு போய்விட்டால் உசிலம்பட்டிக்குப் போய்ப் படிக்க வேண்டும். என் வகுப்பில் இருந்த பதினோரு பேரில் அப்படிப் போகக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். மற்ற ஒன்பது பேரும் மறுநாளே ஏர் பிடிக்கப் போயிருப்பார்கள்.

கமிட்டித் தலைவர் ஒரு நெல் வியாபாரி. எல்லோரும் அவரை முதலாளி என்று கூப்பிடுவார்கள். கெட்டிக்காரர், நேர்மையானவர், ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். அவர் பிடித்திருந்த விஷயம் பூமி தட்டை என்பது. மதுரையில் யாரோ அச்சடித்து விற்ற ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்துவிட்டு, அதை அப்படியே நம்பிவிடாமல், வியாபாரத்துக்காகத் தூத்துக்குடி போனபோது மூன்று நாள் கடற்கரையில் உட்கார்ந்து தன் கண்ணால் பார்த்து முடிவுக்கு வந்தவர். உருண்டையின் அடியில் இருப்பவன் ஏன் விழவில்லை என்று கேட்டால் சமாளிக்கத்தான் 'பூமி இழுக்கிறது' என்று ஒன்றைக் கட்டிவிட்டார்கள் என்பது அவர் கட்சி. கமிட்டியில் அவரோடு சேர்த்து மூன்று பேர் தட்டைக் கட்சி. உருண்டைக் கட்சிக்கு ஒரு பஞ்சு வியாபாரி தலைவர். உருண்டையின் மேல் அவருக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. முதலாளி தட்டை என்றதால் இவர் உருண்டை. ஐந்தாவது ஆள் கூட்டத்தில் தூங்குவார்.

ஒரு நாள் முதலாளி என்னை, நெல் மூட்டை அடுக்கும் தன் கிட்டங்கிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். விதைநெல்லைப் பிரித்தெடுக்கும் நாள் அது. உங்களில் விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு கோழிமுட்டையைப் போட்டால் முங்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க முட்டை மேலே வரும். முட்டை மிதந்ததும் நெல்லைக் கொட்டுவார்கள். திடமான விதை அடியில் தங்கும், பதர் மேலே வரும். சுற்றிலும் விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் பத்து இருபது பேர் நின்றிருந்தார்கள்.

"வாங்க வாத்தியாரே. பூமி எல்லாத்தையும் இழுக்குதுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறீங்களாமுல்ல?"

"ஆமாங்கய்யா."

"இந்த முட்டையைப் பாருங்க. செத்த முன்னால அடியில கெடந்துச்சு. நாலு கை உப்பு போட்டேன், மேல வந்துருச்சு. உப்பப் பாத்ததும் பூமி இழுக்குறத விட்டுருச்சா?"

எனக்கு உள்ளூரச் சிரிப்பு. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்தேன். நீரில் மூழ்கும் பொருள் தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான அளவு மேல்நோக்கித் தள்ளப்படுகிறது என்று புத்தகத்தில் இருந்தபடியே ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி அதையும் கேட்டார்.

"சரி. இதுல முட்டை வருது, தண்ணி வருது, எடை வருது. பூமி எங்க வருது?"

நான் மூன்றாம் தடவையும் அதே விதியை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கனமானது கீழ போகும், லேசானது மேல வரும். அது அதோட கொணம். நீங்க சொன்ன விதியும் அதைத்தான் சொல்லுது. இதுக்கு நடுவுல இழுக்க ஒருத்தன் எதுக்கு?"

சம்சாரிகள் சிரித்தார்கள். அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இன்று உங்கள் முன்னால் கூசாமல் சொல்கிறேன், காலேஜில் நான்கு வருஷத்தில் எவரும் என்னிடம் அவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. அன்று அது எனக்குத் தெரியவில்லை. சிரிப்புதான் காதில் விழுந்தது. காது சிவந்து, வாய் தன்பாட்டில் பேசியது.

"நெல் மூட்டைக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறது தெரியாதவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை" என்று சொல்லிவிட்டு விடுவிடு என்று நடந்தேன்.

நான் செய்த தவறுகளில் அதைவிடப் பெரியது இல்லை. பதில் தெரியாமல் போனதை நான் தவறு என்று சொல்லவில்லை, அது யாருக்கும் நேரும். தெரியாததை மறைக்க ஒரு மனிதரை அவர் வாசலிலேயே, அவர் ஆட்கள் முன்னால் கேவலப்படுத்தினேன்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். வேர்த்து விறுவிறுத்து என் அறைக்கு வந்தார். அமாவாசையன்று கமிட்டி கூடுகிறதென்றும், சயன்ஸ் வகுப்பை எடுத்துவிடலாமா என்பதுதான் பேச்சு என்றும் சொன்னார். "மூணு பேரு அந்தப் பக்கம் ஓய். நீர் உம்ம பொட்டியக் கட்டுவீர், மதுரைக்குப் போவீர். பிள்ளைக எங்க போகும்?" என்று கேட்டார். 

மறுநாள் காலை கிட்டங்கிக்குப் போய் முதலாளி முன்னால் நின்றேன். "ஐயா, நேத்து நான் பேசுனது தப்பு. மன்னிச்சுருங்க" என்றேன். அவர் கோணிச்சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தபடியே பேசினார்.

"மன்னிப்பு எனக்கு வேணாம் வாத்தியாரே. பதில் வேணும். எடை கூடுனா கீழ, கொறஞ்சா மேல. இது போதாதுங்குறீங்களே, ஏன் போதாது? அமாவாசைக்குச் சொல்லுங்க. புஸ்தகத்த ஒப்பிக்காதீங்க, கண்ணுல காட்டுங்க. காட்ட முடியலேன்னா, காட்ட முடியாத பாடத்த எங்க பிள்ளைகளுக்கு எதுக்கு நடத்தணும்?"

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. இருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் விதி இருந்தது, கணக்கு இருந்தது, இவர் கேள்வி இல்லை. நானாக யோசிக்கத் தொடங்கினேன். பாரம் என்று ஒன்று கீழே அழுத்துவதால்தான் மேல்தண்ணீர் கீழ்த்தண்ணீரை நெருக்குகிறது. அந்த நெருக்கல்தான் முட்டையை மேலே தூக்குகிறது. ஆக, பாரம் இல்லாவிட்டால் மிதப்பதும் இல்லை. இதுவரை புரிந்தது. ஆனால் பாரம் இல்லாத தண்ணீரை நான் எங்கே போய்க் கொண்டுவருவது? நான்கு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள், என் மாணவன் ஒருவனின் தகப்பனார் கமலை இறைத்துக்கொண்டிருந்த கிணற்றடியில் நின்றிருந்தேன். கமலை என்றால் மாட்டைப் பூட்டி, வடக்கயிற்றில் சால் என்கிற பெரிய தோல்பையைக் கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பது. அவருடைய சால் ஓட்டைச் சால். மேலே வரும்போது நாலா பக்கமும் பீய்ச்சியடித்தது. பாதித் தண்ணீர்தான் வாய்க்காலுக்கு வந்தது.

"இதைத் தைக்கக் கூடாதாய்யா?" என்று கேட்டேன்.

"தச்சு தச்சுத்தான் இந்த லட்சணம். சனியன், வடம் அறுந்து கீழ விழுகுறப்ப மட்டும் ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன சொன்னீங்க?"

"போன மாசம் அறுந்துச்சு, அதுக்கு முந்தி ஒருக்கா அறுந்துச்சு. ரெண்டு தடவையும் பாத்தேன். மேல வாரப்ப ஊத்துற ஊத்து, விழுகுறப்ப கப்புன்னு நின்னுருது. எம் பொண்டாட்டி நம்ப மாட்டேங்குறா."

 நான்கு நாளாக நான் தேடிய பாரம் இல்லாத தண்ணீர், விழுகிற சாலுக்குள் இருந்தது. விழும்போது தண்ணீரும் சாலும் ஒரே வேகத்தில் விழுகின்றன. அடியில் தாங்குவதற்கு எதுவும் இல்லை. அதனால் மேல்தண்ணீர் கீழ்த்தண்ணீரை நெருக்க முடியாது. நெருக்காத தண்ணீர் ஓட்டை வழியே வெளியே வராது. அந்த மனிதர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பயந்துபோய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்து வாளியில் ஆணியால் ஓட்டை போட்டு மாடிப்படியிலிருந்து போட்டுப் பார்த்தேன். ஓட்டையிலிருந்து விரலை எடுத்ததும் வாளி சாய்ந்தது. தண்ணீர் வாய்ப்பக்கமாகச் சிந்திவிட்டது. இதைக் கமிட்டி முன்னால் செய்தால் கதை கந்தலாகிவிடும். சனிக்கிழமை உசிலம்பட்டி போய் ரயிலைப் பிடித்து மதுரைக்கு வந்தேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் தகர வேலை செய்யும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் விளக்குகளுக்கெல்லாம் பற்றுவைப்பவர்.

"ஓட்டைய அடைக்கச் சொல்லித்தான் எங்கிட்ட வருவாங்க. போடச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான் தம்பி" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"ஒத்த ஓட்டை போட்டா சாயத்தான் செய்யும். எதிரெதிர்ல ரெண்டு போடுறேன். கட்டைவிரலும் நடுவிரலும் வச்சு ரெண்டையும் அடைச்சு, அதுலயே தூக்கிப் புடிங்க. ரெண்டு விரலையும் ஒண்ணா விட்டா டப்பா நேரா எறங்கும்."

செய்தும் கொடுத்தார். கடை மாடியிலிருந்து போட்டுப் பார்த்தோம். சந்தே கூடி வேடிக்கை பார்த்தது. மூன்றாவது தடவை பாய் தானே போட்டுவிட்டு, "அல்லா, நெசமாவே நின்னுருச்சு" என்று படியிறங்கி ஓடிவந்து ஈர டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். நம் பாடத்தைக் கேட்டு ஒருவர் முகம் அப்படி மலர்ந்தால் போதும், வாத்தியாருக்கு வேறு சம்பளம் தேவையில்லை.

அமாவாசையன்று கிட்டங்கி முற்றத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. கிட்டங்கிக்கு மேல்தளம் உண்டு. மூட்டையைக் கயிற்றில் ஏற்றுவதற்காக அங்கே ஒரு வாசல் திறந்திருக்கும். அதிலிருந்து தரைவரைக்கும் வெள்ளையடித்த சுவர். டப்பாவில் காவி கரைத்த தண்ணீரை நிரப்பிக்கொண்டேன். ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் சுவரில் சிவப்பாகப் பதியும். கண்ணுக்குத் தப்பினாலும் சுவர் பொய் சொல்லாது.

"சுவரு போன மாசந்தான் வெள்ளையடிச்சது" என்றார் முதலாளி. "பரவால்ல, செய்ங்க."

மேலே ஏறிப்போய், ஒரு ஓட்டை சுவரைப் பார்த்திருக்கும்படி டப்பாவைப் பிடித்தேன்.  விட்டேன். டப்பா நேராக இறங்கித் தரையில் மோதித் தெறித்தது. சுவரில் அடிப்பக்கம் மட்டும் சிவப்பு. நடுவில் பளிச்சென்று வெள்ளை.

கூட்டம் முணுமுணுத்தது. முதலாளி எழுந்து சுவரருகே போய் மூக்கு உரசும்படி பார்த்தார். டப்பாவை எடுத்து, ஓட்டைகளில் ஊதிப் பார்த்தார்.

"ஓட்டை அடைச்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். இதே டப்பாவ இதே எடத்துல கயித்துல கட்டி மெதுவா இறக்குங்க. அப்ப என்ன வருதுன்னு பாப்போம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பொறாமை வந்தது. என் பரிசோதனையில் இருந்த குறையை அவர் பார்த்துவிட்டார். கயிற்றில் கட்டி இறக்கினேன். மேலிருந்து கீழ்வரை சுவரில் தடியாக ஒரு காவிக் கோடு விழுந்தது. இப்போது கோடு விழுந்த இடமும் விழாத இடமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மேலே ஏறினார். தன் கையால் மூன்று தடவை போட்டார். மூன்று தடவையும் வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது. இறங்கி வந்து என் எதிரில் நின்றார்.

"இப்பச் சொல்லுங்க."

"ஐயா, டப்பாவைத் தாங்கிப் புடிக்கையில தண்ணி தண்ணியை நெருக்குது. அந்த நெருக்கல்தான் ஓட்டை வழியா பீய்ச்சுது. உங்க அண்டாவுல முட்டையை மேல தூக்குனதும் அதே நெருக்கல்தான். அது தண்ணியோட கொணமா இருந்தா, விழுகுறப்பவும் இருக்கணுமுல்ல? அப்ப அது இல்லாமப் போயிருது. கீழ இழுக்குற பாரம் இருந்து, அதைத் தாங்க அடியில ஒண்ணு இருந்தாத்தான் முங்குறதும் மிதக்குறதும். மிதக்குறதைக் காட்டி இழுப்பு இல்லேன்னு சொல்ல முடியாதுங்க. இழுப்புலதான் மிதப்பே பொறக்குது."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பஞ்சு வியாபாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அப்புறம் என்ன, முடிஞ்சு போச்சு. பூமி உருண்டைன்னு மொதலாளி கிட்டங்கிச் சுவத்துலயே எழுதியாச்சு. கடக்கரையில மூணு நாளு உக்காந்தவரு இனி என்ன சொல்லப் போறாரு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைமை ஆசிரியர் என் முழங்கையை இடித்து, "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிரும் ஓய். சபை நம்ம பக்கம் இருக்கு. இப்ப விட்டா கெடைக்காது" என்று காதில் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். ஒரு வார்த்தை போதும். தட்டைக் கட்சி அன்றே தலை குனிந்திருக்கும், வகுப்பும் பிழைத்திருக்கும், என்னைப் பார்த்துச் சிரித்த கூட்டம் என்னோடு சேர்ந்து சிரித்திருக்கும். முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் இதே முற்றத்தில் என் காது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் இரக்கப்பட்டு நான் பேசவில்லை. அந்த டப்பா காட்டாத ஒன்றை அது காட்டியதாகச் சொன்னால், மறுநாள் அந்தப் பதினோரு பேர் முன்னால் எந்த முகத்தோடு நிற்பது என்றுதான் நினைத்தேன்.

"இல்லீங்க" என்றேன். "இந்த டப்பா பூமி உருண்டைன்னு காட்டல. மிதப்பு எங்கேருந்து வருதுன்னு மட்டுந்தான் காட்டுச்சு. அம்புட்டுத்தான். உருண்டைங்குறதுக்கு வேற சாட்சி இருக்கு. அதை நான் இன்னைக்குக் கொண்டு வரல."

தலைமை ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். தட்டைக் கட்சிக்காரர் ஒருவர் உடனே, "அவரே ஒத்துக்கிட்டாரு. வகுப்ப எடுத்துருவோம், அடுத்த பேச்சைப் பேசுவோம்" என்றார். முடிந்தது என்று நினைத்தேன். ஒன்பது பிள்ளைகளின் முகங்களும் வரிசையாக வந்து போயின.

முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் பெரிய பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். மாலை போட்டிருக்கிறார்கள், மேடை ஏற்றியிருக்கிறார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திப் பெருமைப்படுவது அந்த ஒரு "இல்லீங்க"வுக்குத்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லப் பத்து மாதத்தில் பழகிவிட்டேன். தெரிந்தது எதுவரைக்கும் என்பதைப் பாதி ஊர் எதிர்பார்த்து நிற்கும்போது சொல்ல அன்றுதான் பழகினேன். உங்களையும் ஒருநாள் ஒரு கூட்டம் ஜெயிக்கவைக்கப் பார்க்கும். உங்கள் கையில் இருப்பதைவிட அதிகமாக உங்களைச் சொல்லவைக்கும். அன்றைக்கு நாக்கை இழுத்துப் பிடியுங்கள்.

முதலாளி கையை உயர்த்தியதும் கூட்டம் அடங்கியது. "அந்த வேற சாட்சி என்னது?" என்று என்னைக் கேட்டார்.

"கெரகணத்தன்னைக்கு நெலா மேல விழுகுற நெழலு, கடல்ல போற கப்பலு, இன்னும் நெறைய இருக்குங்க. நீங்க ஒவ்வொண்ணுலயும் மடக்குவீங்க."

"மடக்குவேன்" என்றார். பிறகு கமிட்டிப் பக்கம் திரும்பினார். "நான் முப்பது வருசமா நெல்லு அளக்குறேன். கூட்டம் கூடிருச்சுன்னா எம்புட்டுப் பெரிய ஆளும் படிக்கு மேல நெல்லக் கோபுரமாக் குமிச்சுத்தான் அளந்து காட்டுவான். இவரு குமிஞ்சதைத் தள்ளிவிட்டுத் தலைதட்டி, இருக்குறத மட்டும் அளந்துருக்காரு."

 அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பூமி தட்டைதான். அதுல எனக்கு மாத்தமில்ல. வகுப்பு இருக்கட்டும். இந்த ஆளை அனுப்பிட்டா, அடுத்த கேள்விய நான் யாருகிட்டப் போயிக் கேக்குறது?"